ஆசீர்வாதம் சாரின் இருமல்

காலையில் சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோது தம்பி செல்வின் போன் செய்தான். “அக்கா, அப்பா போயிட்டாவ” என்றான். நான் மீனைக் கழுவி முடித்தேன். மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி மூடி வைத்தேன். அதன் பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு தூத்துக்குடி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அவருக்குத் தொண்ணூற்றொரு வயது. எனக்கு அவர்மேல் இருந்த கோபத்துக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

செல்வின் நினைவு மலர் போடுகிறான். உங்களில் பலர் எழுதிக் கொடுத்ததை எனக்கு வாசித்துக் காட்டினான். பழைய மாணவர்கள் எழுதியிருக்கிறீர்கள், சபையார் எழுதியிருக்கிறீர்கள். “ஆசீர்வாதம் சார் வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை” என்று ஏழு பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் மகள். அவரோடு ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள். நானும் அதையே சொல்கிறேன், அவர் பொய் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் புகாரே அதுதான்.

எழுபதுகளில் எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் ஷட்டில் பேட்மிண்டன் ஆடுவது புதினம். அப்பா கணக்கு வாத்தியார். ராக்கெட்டை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒருமுறை மதுரையில் ஏதோ போட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அத்தோடு எங்கள் நிம்மதி போனது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் உரிமையாளரைக் கெஞ்சி, சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். வெளியே ஆடினால் கடற்காற்று பந்தைக் கொண்டுபோய்விடும். அதனால் கிட்டங்கிக் கதவை அடைத்துவிட்டு ஆடுவோம். பஞ்சுத் தூசியும் வியர்வையுமாக வீட்டுக்கு வருவோம்.

இறகுப் பந்து காய்ந்தால் சீக்கிரம் ஒடிந்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் அம்மா இட்லிக் கொப்பரையை அடுப்பில் வைத்தால், இவர் பந்துகளை ஆவியில் காட்டிக்கொண்டு நிற்பார். அதற்குப் பிறகுதான் இட்லித் தட்டு உள்ளே போகும். எங்கள் வீட்டு இட்லியில் வாத்து இறகு வாடை அடிக்கும். “இதைத் திங்கதுக்குப் பந்தையே திங்கலாம்” என்று செல்வின் ஒருநாள் சொன்னான். அன்றைக்கு அவனுக்கு இட்லியும் கிடைக்கவில்லை.

அவர் அடித்ததில்லை, திட்டியதுமில்லை. அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். போட்டியில் ஜெயித்து வந்தால் சாப்பாட்டுத் தட்டில் முதலூர் மஸ்கோத் அல்வா இருக்கும். தோற்று வந்தால் தட்டில் ராக்கெட் இருக்கும். வளையாமல் இருக்க நாலு மூலையிலும் திருகு போட்ட மரச் சட்டத்தோடு, தட்டு முழுக்க அடைத்துக்கொண்டு கிடக்கும். அம்மா அதை எடுத்துச் சுவரோரம் சாத்திவிட்டுச் சோறு போடுவாள். செல்வின் பத்து வயதில் முதல் சுற்றிலேயே தோற்றபோது மூன்று நாள் அவன் தட்டில் அது கிடந்தது. நான்காம் நாள் அவன் தட்டே வேண்டாம் என்று இலையில் சாப்பிட்டான். அந்தச் செல்வின்தான் கடைசிவரை அவரை வைத்துப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு என்னைவிடப் பெரிய மனசு. அதை அவன் வேறு யாரிடமிருந்தோ வாங்கியிருக்க வேண்டும்.

ஆட்டம் நடக்கும்போது வெளியே இருந்து யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அப்பா விதியை மீறவே மாட்டார். குடையை மடியில் வைத்துக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து இருமுவார். ஓர் இருமல் என்றால் பின்கோட்டுக்கு அடி. இரண்டு என்றால் வலையை ஒட்டிப் போடு. தொண்டையைச் செருமினால் எதிராளிக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். நடுவர் ஒருவர் பாவப்பட்டு, “சாருக்கு உப்புக்காத்து ஒத்துக்கலையோ?” என்று கேட்டார். அப்பா அதற்கும் ஓர் இருமலைத்தான் பதிலாகக் கொடுத்தார். பொய் சொல்ல மாட்டார் அல்லவா?

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பிறந்தபோது அப்பா சேகர குருவானவரோடு, அதாவது எங்கள் சபைப் போதகரோடு, சண்டையில் இருந்தார். சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனத்தில் முதல் பந்தியில் அவரை உட்கார விடவில்லையாம். “அந்த ஆளு கை எம்பிள்ள தலைல படக்கூடாது” என்று சொல்லிவிட்டார். குருவானவர் மாற்றலாகிப் போகும்வரை ஒரு வருடம் எனக்கு ஞானஸ்நானம் இல்லை. பிறகு நடந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்த சில வாரங்களிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், குருவானவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார், ஞானஸ்நானச் சான்றிதழில் பிறந்த தேதிக்கான இடத்தில் மாதத்தையும் நாளையும் மட்டும் எழுதிவிட்டு, ஞானஸ்நானத் தேதிக்கான இடத்தில் வருடத்தோடு எழுதினார். பள்ளிக்கூடத்தில் அந்தக் காகிதத்தைக் கொடுத்தபோது கிளார்க் இரண்டுக்கும் ஒரே வருடம் என்று எடுத்துக்கொண்டார். இப்படித்தான் பள்ளிக்கூடப் பதிவேட்டில் எனக்கு ஒரு வயது குறைந்தது. அது யாருடைய களவும் அல்ல, வெறும் கைத்தவறு. அப்பாவுக்கு அது தெரியும். திருத்தலாம் என்று இருந்தார், திருத்தவில்லை. பிறகு நான் நன்றாக ஆட ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு அவர் திருத்துவதாகவே இல்லை.

எனக்குப் பதினைந்து முடிந்த வருடம், பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்களில் ஒருத்தியை மாவட்டத்தில் தேர்ந்தெடுத்து மாநிலப் போட்டிக்குச் சென்னைக்கு அனுப்புவதாக இருந்தார்கள். கடைசி ஆட்டம் எனக்கும் பிலோமினாவுக்கும். பிலோமினாவின் அப்பா தோணித் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர். எங்கள் கிட்டங்கியில்தான் அவளும் ஆடிப் பழகினாள். என் ராக்கெட்டில்தான் முதல் பந்தை அடித்தாள். எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள். ஆட்டத்துக்கு முந்தின நாள் ராக்கெட் நரம்பை விரலால் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “ஏளா, எங்கப்பா சொல்லிட்டாவ. இதுல செயிச்சா ஆடு, இல்லன்னா ராக்கெட்ட வச்சிட்டு வீட்டுல இருன்னு. அடுத்த வருசம் எனக்கு வயசும் தாண்டிரும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம், “அப்பா, எனக்குப் பதினஞ்சு முடிஞ்சிட்டுல்லா. நான் எப்படி ஆட?” என்று கேட்டேன்.

“கடுதாசில என்ன இருக்கு?”

“கடுதாசி தப்புல்லா.”

“நான் எழுதினேனா? அவங்களா எழுதினாங்க, அவங்களா வாசிக்காங்க. என்ட்ட யாராவது கேட்டாச் சொல்லுவேன். யாரும் கேக்கல.”

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “பிள்ளைய ஏன் இந்தப் பாவத்துல இழுக்கிய?” என்றாள். “பாவம்னா பொய் சொல்லணும். இங்கன யாரு பொய் சொன்னா?” என்றார் அப்பா. நீங்கள் மலரில் எழுதியிருக்கும் நேர்மை இதுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் கடைக்குக்கூட எங்களை அனுப்பாதவர், காலை ஆராதனை முடிந்த கையோடு கிட்டங்கிக்கு அழைத்துப் போனார். ஆளுக்கு ஓர் ஆட்டம் எடுத்தோம். அப்போது பெண்களுக்குப் பதினோரு புள்ளிதான் ஆட்டம். மூன்றாவதில் பத்துக்குப் பத்து. சர்வீஸ் என் கையில். ஒரு புள்ளி எடுத்தால் முடிந்தது. பந்து நாலைந்து முறை போய் வந்தது. பிலோமினா பின்கோட்டில் நின்றாள். நான் வேண்டுமென்றே வெளியே அடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அப்போது எனக்குப் பின்னால் இரண்டு இருமல் கேட்டது. என் கை தானாகப் பந்தை வலையை ஒட்டிப் போட்டது. அவள் ஓடி வந்தாள், தரையில் சறுக்கி விழுந்தாள், பந்து அவள் ராக்கெட்டுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. அவளுக்கு முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு என் தட்டில் மஸ்கோத் அல்வா. நான் தொடவில்லை. அப்பா வற்புறுத்தவும் இல்லை. சென்னையில் முதல் சுற்றிலேயே ஒரு பெண் என்னைப் பத்து நிமிடத்தில் அனுப்பிவைத்தாள். திரும்பி வந்து ராக்கெட்டை நானே என் தட்டில் வைத்துவிட்டு, இனி ஆட மாட்டேன் என்றேன். பிலோமினா அதற்குள் நிறுத்திவிட்டாள். தெருவில் பார்த்தால் நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவளுக்குக் காரணம் தெரியாது.

நல்லதாகவும் ஒன்று சொல்ல வேண்டும் என்று செல்வின் கெஞ்சுகிறான். சொல்கிறேன். ராக்கெட்டுக்கு நரம்பு கட்ட ஆள் கிடைக்காமல் அவரே கற்றுக்கொண்டார். விரல் இடுக்கெல்லாம் அறுத்துக்கொண்டு, மறுநாள் கரும்பலகையில் எழுத முடியாமல் இடது கையால் எழுதினார். எங்கள்மேல் அவருக்குப் பாசம் இருந்தது. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பாசத்துக்கு எங்களைத் தவிர வேறு பிள்ளைகள் கண்ணில் படவில்லை.

அப்படித்தான் அடக்க நாள்வரை நினைத்திருந்தேன். அன்று பிலோமினா வந்தாள். சாகுபுரத்திலிருந்து மாலையோடு வந்திருந்தாள், தலை முழுக்க நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கப்பா நல்ல மனுஷன், ஏளா” என்றாள். “தோத்த அன்னைக்கு நான் கிட்டங்கிக்குப் பின்னால நின்னு அழுதுட்டு இருந்தேன். சார் வந்தாவ. சோடா வாங்கித் தந்து, ‘செயிக்க வேண்டியவ நீதான், பிள்ள’ன்னு சொன்னாவ. இத்தன வருசமா எனக்கு அது ஒண்ணே போதும்னு இருந்துச்சி.”

பெட்டிக்குள் கிடந்தவரை எழுப்பி உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாதி உண்மையை அவளிடம் சொல்லிச் சோடாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் தட்டில் அல்வா வைத்திருக்கிறார். மீதிப் பாதியைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. பெட்டியைச் சுற்றிக் கூட்டம். நானும் அவரைப் போலவே, யாரும் கேட்கவில்லை என்று நின்றுவிட்டேன். அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. கோயிலில் யாராவது இரண்டு முறை இருமினால் என் மணிக்கட்டு இன்னும் தானாக மடங்குகிறது. மற்றொன்று அந்தப் பிறந்த தேதி. அதை வைத்துத்தான் வேலைக்குப் போனேன், ஒரு வருடம் கூடுதலாக வேலை பார்த்துத்தான் ஓய்வு பெற்றேன். எல்லாக் காகிதத்திலும் அதுதான் இருக்கிறது. இந்த மலரில் மட்டும் செல்வின் அதைத் திருத்திப் போட வேண்டும்.

பிலோமினா, அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பதினைந்து முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் அந்தக் கோட்டுக்குள் நின்றிருக்கவே கூடாது. சென்னைக்குப் போயிருக்க வேண்டியவள் நீ. நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இதை எழுதும்போது எனக்குப் பின்னால் இரும ஆள் இல்லை.