கூழ் வண்டியும் பத்து கிலோமீட்டரும்

ஓடுகிறவர்களுக்குக் கூழ் விற்பது, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு டீ விற்கிற மாதிரி இல்லை. டீ குடிக்கிறவர் பேசாமல் ஓரமாக நிற்பார். இவர்கள் நின்றால் கால் பிடித்துக்கொள்ளும் என்று குதித்துக்கொண்டே குடிப்பார்கள், பாதி நம் சேலையில் சிந்தும். திருப்பரங்குன்றத்தில் மலையைச் சுற்றுகிற பாதையில், விடியக்காலம் ஐந்தரைக்கெல்லாம் என் தள்ளுவண்டி நிற்கும். கம்பங்கூழ், சுண்டல், முளைகட்டின பயறு, அம்புட்டுதான். நான் ஏழாவது வரை படித்தவள். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது, பானையைப் பார்த்துத்தான் பேசுவேன். என்னைப் போலக் கூச்சத்தை வைத்துக்கொண்டு கடை போட்டிருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு இந்தப் பாடு தெரியும்.

மோர் ஊற்றாத கூழ்

கணக்கு டீச்சர் ஒருவர் தினமும் ஓட வருவார். முதல் நாள் சொம்பை நீட்டியபோதே, “மோர் ஊத்துனதா? அப்ப வேணாம்மா” என்றார். பால், தயிர், முட்டை, கறி எதுவுமே தொடுவதில்லையாம். நான் வீட்டிலேயே மோர் விட்டுக் கரைத்துக்கொண்டு வருகிற ஆள். மறுநாள் அவருக்கென்று ஒரு சின்னச் சட்டியில் நீராகாரம் விட்டுத் தனியாகக் கரைத்தேன். உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொடுத்ததை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்.

நம் பக்கத்தில் ஒரு பொம்பளை இத்தனையையும் விட்டால் விரதம் என்றுதானே அர்த்தம்? விரதக்காரர் வெறுங்காலோடு நடப்பார், இவர் காலில் பெரிய ஷூ இருந்ததுதான் இடித்தது. நாலு நாள் பொறுத்து, பானையைப் பார்த்தபடி, “எந்தக் கோயிலுக்குக்கா மாலை போட்டிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “கோயிலுக்கு இல்ல தங்கச்சி, பத்து கிலோமீட்டருக்கு” என்றார்.

ஸ்கூட்டர் சாவி

ஒருநாள் டீச்சரக்கா ஸ்கூட்டர் சாவியை என் தள்ளுவண்டியிலேயே வைத்துவிட்டு ஓடிப்போனார். கூப்பிடலாம் என்றால் எனக்குச் சத்தம் எழும்பாது. பக்கத்துப் பூக்காரம்மாவிடம் பானையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன்.

ஏழாவது படிக்கையில் எங்கள் எழுமலை ஸ்கூலில் ஓட்டத்தில் நான்தான் முதல். அந்த வருசமே வயசுக்கு வந்தேன். ஓட்டமும் படிப்பும் ஒரே நாளில் நின்றுபோயின. அதற்குப் பிறகு அழுகிற பிள்ளையைத் தூக்க ஓடியிருப்பேன், பொங்குகிற உலையை இறக்க ஓடியிருப்பேன். காற்று காதுக்குள் புகுந்து சத்தம் போடுகிற ஓட்டம் அன்றைக்குத்தான். டீச்சரைப் பிடித்த பிறகும் கால் நிற்க மாட்டேன் என்றது. அவர் முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “மூணு மாசமா பழகுறேன் நானு. நீ சேலையில வந்து பிடிச்சிட்ட! இந்தா, பந்தயத்துக்கு உன் பேரையும் குடுக்கப்போறேன், முடியாதுன்னு சொல்லாத.”

நான் முடியாது என்று சொல்லவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை.

கண்மாய்க்கரை பஸ்

மகளை அங்கன்வாடியில் விட்ட பிறகு எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். கண்மாய்க்கரை ரோட்டில் ஓடிப் பழகினேன். ஆள் வந்தால் நடை, ஆள் போனால் ஓட்டம். ஒரு நாள் பின்னால் டவுன் பஸ் வந்தது. ஏதோ அவசரத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி கையைக் காலை ஆட்டினேன். டிரைவர் நல்ல மனுசன், நிறுத்திவிட்டார். பஸ் மொத்தமும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தது.

உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை, ஏறிக்கொண்டேன். ஒரு ஸ்டாப் போய் இறங்கி, வந்த தூரத்தைத் திரும்ப ஓடினேன். இறங்கும்போது கண்டக்டர் அண்ணன், “அம்புட்டு ஓட்டம் ஓடி வந்து ஏறுனது இதுக்குத்தானாம்மா? ஓடியே வந்திருக்கலாமே!” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக் கறி

டீச்சரக்கா சாப்பிடுகிற மாதிரியே நானும் சாப்பிட ஆரம்பித்தேன். கம்பு, பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை எல்லாம் கைக்கு எட்டுகிற சாமான்தான். தினப்படிச் சாப்பாட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டேன். என் மாமியார் ஆட்டுக்கறிக் குழம்பில் நல்ல எலும்பாகப் பார்த்து என் தட்டில் வைத்தார். “வேணாம் அத்தை” என்றேன். டீயும் மோரும் வேண்டாம் என்றதும் சேர்ந்துகொண்டது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க எனக்கு மசக்கை.

ரெண்டு வாரம் மாங்காயும் புளியங்காயுமாக வந்து குவிந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ‘பந்தயம்’ என்ற சொல் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்று மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “கறி வேணாம்னா மாசமா இருக்கணும், இல்ல விரதம் இருக்கணும். ரெண்டும் இல்லாம சும்மா வேணாங்குறது என்னத்தா பழக்கம்?”

பந்தயத்து நாள்

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். ஓடி முடிக்கிற இடத்தில் எல்லாருக்கும் கூழும் சுண்டலும் நாங்கள்தான் கொடுக்கிறோமாம். “உன் கூழுதான் வேணும்னு கேட்டாங்க புள்ள” என்றார். அவர் அப்படிச் சந்தோசப்பட்டுப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நாலு நாளும் போயிற்று.

அன்று காலை விசில் ஊதியபோது என் கை அண்டாவுக்குள் இருந்தது. அம்புட்டுப் பேர் காலும் ஒன்றாகத் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. என் கால்விரல் பத்தும் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன. அவர்கள் திருப்பத்தில் மறைகிறவரை பார்த்தேன். பிறகு வெங்காயம் உரித்தேன். கண் கலங்கினால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

ஓடி முடித்து வந்த டீச்சரக்கா கூழைத் தொடவில்லை. சட்டையில் குத்துகிற நம்பர் சீட்டு ஒன்றை, கசங்காமல், வண்டிமேல் வைத்தார். “கிளம்புற நிமிசம் வரைக்கும் ஓடுறவங்க கூட்டத்துல உன்னத் தேடுனேன்டி” என்றார். என் வீட்டுக்காரர் அதை எடுத்து, அதில் இருந்த என் பேரை எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒரு தரம், ரெண்டு தரம். அப்புறம் என் கையிலிருந்த அகப்பையை வாங்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்: “சொல்லியிருந்தா கூழை நான் ஊத்தியிருப்பேன்ல புள்ள.”

இந்த வருசம் அந்தப் பத்து கிலோமீட்டரின் முடிவுக்குப் போய்ச் சேர்ந்தது நான் கரைத்த கூழ் மட்டும்தான். கரைத்தவள் இன்னும் வாயைத் திறக்கத்தான் பழகிக்கொண்டிருக்கிறாள்.