ஒரு சால்வைக்குப் போன மண்டபம்

சிங்காநல்லூரில் எங்கள் தெருமுனையில் இருந்த மாநகராட்சி சமுதாயக்கூடத்தைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆறு மின்விசிறிகளில் இரண்டு சுற்றும். மூன்றாவது, அதற்குத் தோன்றினால் சுற்றும். சமையல்கட்டில் குழாயைத் திருகினால் முதலில் காற்று வரும், பிறகு மனமிரங்கித் தண்ணீர் வரும். ஆனால் அந்த மண்டபத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. பதிவு செய்யப் போனால் எழுத்தர் இரண்டே கேள்விதான் கேட்பார்: என்ன தேதி, ஆதார் நகல் இருக்கிறதா. மூன்றாவது கேள்வி கேட்க அவருக்கு மாநகராட்சி சம்பளம் கொடுக்கவில்லை.

மூன்றாவது கேள்வி என்னவென்று தனியார் மண்டபங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். "தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" சாதியைக்கூட நாங்கள் மரியாதை குறையாமல்தான் கேட்போம். எனக்கு அந்தக் கேள்வியால் ஒரு நாளும் சிரமம் வந்ததில்லை. பதில் சொன்னால் நாற்காலி போடுவார்கள். என் தையல் கடையில் பதினொரு வருடமாக என்னோடு உட்கார்ந்து தைக்கிறவளுக்கு அப்படியில்லை. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்ததும் மூன்று மண்டபங்களுக்குப் போய்க் கேட்டாள். மூன்றிலும், அவள் பதிலைச் சொன்ன பிறகு அந்தத் தேதி நிரம்பிவிட்டது.

கடைசியில் சமுதாயக்கூடத்துக்குப் போனால் எழுத்தர் கையை விரித்தார். வாடகையை உயர்த்திக் கட்டடத்தையே தனியாருக்குக் குத்தகைக்கு விட மாமன்றத்தில் தீர்மானம் வரப்போகிறதாம். அதுவரை பதிவு கிடையாதாம்.

எனக்கு வந்ததே கோபம். "நீ சும்மா இரு அம்மணி, நான் பாத்துக்கறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு மனு எழுத உட்கார்ந்தேன். குத்தகை வேண்டாம், பழைய வாடகையே இருக்கட்டும். ஒரு வரியில் முடிகிற விஷயம். மூன்று பக்கம் எழுதினேன். வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் வாங்கினேன். ஊரையே தட்டி எழுப்பிவிட்ட நினைப்பு எனக்கு.

கவுன்சிலரைப் பார்க்கக் கிளம்பும்போதுதான் பக்கத்து வீட்டம்மா கேட்டார், வெறுங்கையோடா போவது என்று. அதுவும் நியாயம்தானே. சண்டைக்கே போனாலும் வெறுங்கையோடு போகிற பழக்கம் நமக்கு ஏது? ஜவுளிக்கடையில் அரைமணி நேரம் நின்று, மெரூன் வேண்டாம் என்று தள்ளி, ஜரிகைக் கரை வைத்த பச்சைச் சால்வையாகப் பார்த்து நானே எடுத்தேன்.

"ஏனுங்கக்கா, வேண்டாம்னு சொல்லத்தான போறோம்? சால்வை எதுக்குங்க?" என்றாள் அவள்.

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குதல்ல அம்மணி?"

என் அறிவு இருந்த லட்சணம் அவ்வளவுதான்.

கவுன்சிலர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க, உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா, காபிங்களா?" என்று கேட்டார். மனுவை நீட்டினேன். "ஆகட்டுங்க, பாத்துச் செஞ்சுபோடலாமுங்க" என்றார். மூன்று பக்கத்தில் முதல் பக்கத்தைக்கூடப் பிரிக்கவில்லை என்பது அந்த மரியாதையில் எனக்கு உறைக்கவில்லை. சால்வையைப் போர்த்தினேன். அவருடைய ஆள் ஒருவர் போனைத் தூக்கி, "அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தேன். சால்வையின் பிளாஸ்டிக் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஓரமாக நின்றாள். படத்தில் அவள் விழவில்லை.

மாமன்றக் கூட்டத்தன்று இருவரும் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தோம். ஒரு கல்வெட்டில் யார் பெயர் விட்டுப்போனது என்று முதல் ஒரு மணி நேரம் நாட்டுக்கு உழைத்தார்கள். பிறகு கட்டணமும் குத்தகையும் வந்தன. கழிப்பிடம், சைக்கிள் ஸ்டாண்டு, சந்தைக் கடைகள். தீர்மான எண்ணை வாசிப்பதும் மேசையைத் தட்டுவதுமாக ஓடியது. எங்கள் மண்டபத்தின் எண் வந்ததும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இதை அந்தப் பகுதி மக்களே எதிர்க்கறாங்க" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் கவுன்சிலர் நிதானமாக எழுந்து போனை உயர்த்திக் காட்டினார். "எதிர்க்கறாங்களா? நீங்களே பாருங்க. நேர்ல வந்து பொன்னாடை போத்தி நன்றி சொல்லிப்போட்டுப் போயிருக்கறாங்க."

போன் கைமாறி கைமாறி மேயர் வரைக்கும் போனது. படத்தில் அவர் பக்கத்தில் நான், பல்லெல்லாம் தெரிய. மேசை தட்டப்பட்டது. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

எழுந்து கத்தியிருக்கலாம். பார்வையாளர் பேசக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். பலகை இல்லாவிட்டாலும் நான் கத்தியிருக்க மாட்டேன். நானே சால்வை போர்த்திய மனிதரைச் சபையில் வைத்துப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

குத்தகைக்காரர் கையில் மண்டபம் பளபளவென்று ஆனது. ஏசி வந்தது, ஆங்கிலத்தில் பெயர்ப்பலகை வந்தது, குழாயில் முதல் திருகலிலேயே தண்ணீர் வந்தது. வாடகை இரண்டு மடங்கு. "பரவாயில்லீங்கக்கா, சீட்டு எடுத்துக்கறேன்" என்றாள். பதிவு செய்ய இருவரும் போனோம். மேனேஜர் எனக்கு நாற்காலி போட்டார்.

"தை பன்னெண்டுங்களா? காலியாத்தான் இருக்குதுங்க" என்று நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கில்லைங்க. இவ பொண்ணுக்கு."

அவர் அவளைப் பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார். கேள்வி முடியும் வரை காத்திருந்து, ரவிக்கை அளவு சொல்வதைப் போல அவள் பதிலைச் சொன்னாள்.

மேனேஜர் பக்கத்தைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். "அடடா, அந்தத் தேதி ஆயிப்போச்சுங்களே" என்றார்.

ஏதாவது சொல்லியே தீருவது என்று எழுந்தேன். அப்போதுதான் அவர் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். திறப்பு விழாவுக்காகப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். கவுன்சிலர், பச்சைச் சால்வை, நான். அவள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று முன்னால் நகர்ந்து மறைத்து நின்றேன்.

அவள் எனக்கு முன்பே பார்த்திருக்கிறாள்.

"நல்லா சிரிச்சிருக்கறீங்கக்கா" என்றாள். குரலில் கோபமே இல்லை. ஆதார் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.