சோடாவுக்கு முன்னால் ஒரு இரண்டு

பட்டறையில் எல்லோரும் அவரைத் தொட்டிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். இரும்புத் தகடுகளை அமிலத்தில் முக்கித் துரு எடுத்த பிறகு மிஞ்சும் கழிவில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி, அமிலத்தை முறித்து, வெறும் உப்புத் தண்ணீராக்கிச் சாக்கடையில் விடுவது இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவர். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய வேதியியல் புத்தகத்தை வைத்துத் தானாகவே சமன்பாடு போடப் பழகினார். அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் எத்தனை அணுவோ அந்தப் பக்கமும் அத்தனை இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. மூன்று வெவ்வேறு நாளில் போட்டுப் பார்த்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் தொட்டிச் சுவரில் சாக்கட்டியால் எழுதுவார்.

"மாமா சுவத்துல எழுதுறதுக்குள்ள அமிலத்துக்கே வயசாயிடும்" என்பான் மனைவியின் தம்பி. அடுத்த ஷிப்ட் அவனுடையது. அந்த வேலையை வாங்கித் தந்தவர் இவர்தான். சர்க்கரை வியாதியால் அவனுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருந்தது.

சுவரில் இருந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் கணக்கு. அமிலமும் சோடாவும் ஒரே வலிமையில் இருந்ததால் ஒரு வாளிக்கு ஒரு வாளி. அந்த வாரம் முதலாளி அதே வலிமையில் கந்தக அமிலம் இறக்கினார். அமிலம் முறிந்ததா என்று காட்டும் லிட்மஸ் தாள் தீர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. வாளிக் கணக்கை நம்பித்தான் எல்லாம்.

திங்கட்கிழமை அவர் நோட்டில் எழுதினார். கந்தக அமிலத்தில் இரண்டு ஹைட்ரஜன். ஒரு சோடாவைச் சேர்த்தால் ஒன்று முறியாமல் மிஞ்சியது. சோடாவுக்கு முன்னால் இரண்டு போட்டார், தண்ணீருக்கு முன்னாலும் இரண்டு. இரு பக்கமும் சோடியம் இரண்டு, கந்தகம் ஒன்று, ஹைட்ரஜன் நான்கு, ஆக்ஸிஜன் ஆறு. அப்படியென்றால் ஒரு வாளிக்கு இரண்டு வாளி சோடா. செவ்வாய்க்கிழமையும் அதே விடை. பழைய அமிலம் புதன்வரை வரும், நாளைக்கு இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதலாம் என்று நோட்டை மூடினார். ஷிப்ட் மாறும்போது மச்சினனிடம், "கதவைச் சாத்திக்க, மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே பழைய அமிலம் தீர்ந்துவிட்டது. புது அமிலத்தின் கழிவுக்கு அவன் சுவரைப் பார்த்து ஒன்றுக்கு ஒன்று ஊற்றி, மடையைத் திறந்தான். சாக்கடையைக் கந்தல் அடைத்துக்கொண்டது. செருப்போடு இறங்கி ஒரு மணி நேரம் நின்று கம்பியால் குத்தி எடுத்தான். எரிந்தது அவனுக்குத் தெரியவில்லை.

வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

"ரெண்டு வாளி ஊத்தணும்னு எப்ப தெரியும் மாமா உங்களுக்கு?" ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கேட்டான்.

"திங்கக்கெழம."

"செவ்வாக்கெழம என்னப் பாத்தீங்களே. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருப்பீங்க?"

"மூணாவது தடவ பாக்கல, மாப்ள."

"நானென்ன பரீட்சையா எழுதப் போறேன்?" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"குழம்புல உப்பு சரியான்னு சொல்லவே இவருக்கு மூணு வாய் வேணும்டா தம்பி" என்றாள் அவர் மனைவி. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. அதன் பிறகு வீட்டில் அவரிடம் அவள் தேவைக்கு மேல் பேசியதும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் அவர் மூன்றாவது தடவை போட்டுப் பார்த்தார். ஒத்துவந்தது. பழைய வரியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினார். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை. ஒரு வாளிக்கு இரண்டு வாளியாக அவரே ஊற்றிக்கொண்டிருந்தார்.