அழுகண்ணியைத் தின்ற மதியம்

இளமை திரும்பும் என்று எழுதியிருந்தால் எதையும் தின்னக்கூடியவன் நான் என்பது ஐம்பத்திரண்டாம் வயதில்தான் தெரிந்தது. பிசுபிசுத்த இலைத் துளிகளில் பூச்சியைப் பிடித்துத் தின்னும் அழுகண்ணியை முறைப்படி உண்டால் நரை மாறும் என்று ஒரு பழைய மருத்துவ நூலில் படித்தேன். ‘முறைப்படி’ என்ற சொல்லை மட்டும் கண் தாண்டிவிட்டது.

ஒரத்தநாட்டுப் பக்கம் செம்மண் தரிசில் அப்படியொரு செடியைக் கண்டேன். ஒட்டியிருந்த இரண்டு எறும்புகளை விலக்கிவிட்டு மென்று விழுங்கினேன். பேருந்து நிறுத்தம் வருவதற்குள் நாக்கு எரிந்தது, உதடு தடித்தது. மருத்துவமனைக்கு ஓடினேன்.

“எந்தச் செடி? காட்டுங்க” என்றார் டாக்டர். வேர்கூட மிச்சமில்லை. தின்றது அழுகண்ணிதானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வரிசையில் காத்திருந்த கூத்தாநல்லூர் நாட்டுமருந்துக் கடை பாய் ஒருவர், இடத்தைக் கேட்டுக்கொண்டு, தன் முறையை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். அவர் திரும்புவதற்குள் என் இரங்கல் கூட்டத்தில் பேசக்கூடியவர்களை எண்ணிப் பார்த்தேன், ஒருவரும் தேறவில்லை.

அதே தரிசில் பறித்த இன்னொரு செடியோடு வந்தார். “அழுகண்ணிதாங்க, பயப்படாதீங்க. பச்சையாத் தின்னா எரியத்தான் செய்யும்.”

டாக்டர் ஊசி போட்டு, சாயங்காலம்வரை படுக்கச் சொன்னார். அதற்குள் மனைவி பதறி வந்தாள். “இதை எதுக்குங்க தின்னீங்க?”

பாய் என் நரையை ஒருமுறை பார்த்தார். “இருமலுக்கும்மா. நல்ல மருந்துதான், அளவு தெரியாமத் தின்னுட்டாரு.”

எனக்கு இருமலே கிடையாது. உடனே இருமினேன். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன். அவர் வார்த்தையைக் காப்பாற்ற இன்றும் மனைவி எதிரில் இருமுகிறேன்.