ஒரு மாதத்துக்கு என்று வந்த நாய்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து திருவொற்றியூருக்கு வந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. கல்யாணமாகி ஏழு மாதம். என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். நான் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே, சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். மாமனார் இறந்ததும் மாமியார் தனியாகிவிட்டார். எங்களோடு வந்து இருக்கச் சொன்னோம். கடல் தாண்ட மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். ஒரு வருடம் போய் இருந்து பார்ப்போம் என்றார் கணவர். அவருக்கு அது ஊர் திரும்புவது. எனக்கு அது வெளிநாடு. எல்லோரும் தமிழ் பேசியதால், அது எனக்கு வெளிநாடு என்று யாருக்கும் தோன்றவில்லை.

காலையில் மாமியாரிடம், "பசியாறிட்டீங்களா அத்தை?" என்று கேட்டால் சிரிப்பார். நாஸ்தா துன்னாச்சா என்று கேட்க வேண்டுமாம். கடையில் நான் வாயைத் திறந்ததும், எந்த ஊர் என்ற கேள்வி வரும். பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகங்களுக்குப் போய்வந்தேன். என் விசாவில் வேலை பார்க்க முடியாது. திருமணத்தைப் பதிவு செய்து இரண்டு வருடம் ஆன பிறகுதான் நீண்ட கால அட்டைக்கு மனுப் போடலாம் என்றார்கள். கணவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்குவார்.

எங்கள் வீடு எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம், முதல் மாடி. முன் அறை ஜன்னலைத் திறந்தால் சாலை, அதன் அந்தப் பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அப்புறம் கடல். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மாலைக்குள் கரித்தூள் படிந்திருக்கும். மேற்குக் காற்று அடித்தால் மணலி எண்ணெய் ஆலைகளின் வாடை வரும். பத்து வருடம் காலை ஏழரைக்குப் பஸ் பிடித்தவள் நான். இங்கே எனக்குப் போக இடமில்லை. முன் அறைக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். கால் ஓய்ந்தால் ஜன்னலில் நின்று, போகிற கன்டெய்னர்களின் எண்களைப் படித்தேன். அலுவலகத்தில் தினமும் தட்டச்சு செய்த அதே மாதிரி எண்கள்தான்.

மாமியார் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். "இன்னாமா, நடந்துகினே கீற? ஒரு எடத்துல குந்தேன்."

குந்த முடியவில்லை.

துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் சில நாள் மணிக்கணக்கில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வரிசையாக நிற்கும். அப்படி ஒரு நாள், ஒரு லாரியின் முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன நாய் உட்கார்ந்திருந்தது. வெள்ளை உடம்பு, பழுப்புத் திட்டுகள். ஒரு காது நின்றிருந்தது, மற்றது மடங்கியிருந்தது. டிரைவர் ஒரு தட்டில் பாதிச் சோற்றைத் தான் தின்று மீதியை அதற்குத் தள்ளினார். உச்சி வெயில் நேரம். நான் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கீழே போனேன். அதற்கு முன் நான் யாருக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. நாயைப் பக்கத்தில் பார்க்கத்தான் போனேன்.

டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நரைத்த மீசை, இடது முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. மணலி புதுநகரில் லாரிகள் நிறுத்தும் யார்டில், டயருக்கு அடியில் கிடந்த குட்டியை எடுத்ததாகச் சொன்னார். இரண்டு வருடமாக லாரிதான் அதற்கு வீடு. இப்போது லாரி கை மாறிவிட்டது. புது முதலாளி உள்ளே கேமரா வைத்துவிட்டு, நாயை ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். நாளை மறுநாள் குஜராத் பக்கம் ஒரு நீண்ட ஓட்டம். யார்டில் விட்டால் பெரிய நாய்கள் கடித்துப் போட்டுவிடும். சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு மாசம் வச்சிக்கிறியாமா? வந்து இட்டுனு போயிடறேன்."

நான் சரி என்று சொல்லி முடிப்பதற்குள் வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். அவர் நாயை என் கையில் கொடுத்து, தன் போன் எண்ணைச் சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார். மாடி ஏறிய பிறகுதான் பார்த்தேன், நான் போனில் அடித்திருந்தது ஒன்பது இலக்கம். நாயின் பெயரையும் கேட்கவில்லை.

மாமியார் கதவிலேயே நிறுத்தினார். வீட்டைக் கலீஜ் பண்ணிவிடும், பால்கனியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்றார். ஒரு மாதம்தான் அத்தை என்றேன். நாலாம் நாள் அவன் உள்ளே வந்துவிட்டான். அவனை 'ஆடிக்' என்று கூப்பிட்டேன். மலாயில் தம்பிக்கும் தங்கைக்கும் சொல்வது. தெருவில் எல்லோரும் ஆடி மாதத்தில் வந்ததால் வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்போது மார்கழி.

லாரியில் வளர்ந்தவனுக்கு அசையாத வீட்டில் தூக்கம் வரவில்லை. என்னைப் போலவே முன் அறைக்கும் சமையலறைக்குமாக நடந்தான். ஒரு நாள் துணி துவைக்கும் மெஷின் ஓடும்போது அதன் மேல் முதுகைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போனான். அதன் பிறகு அழுக்குத் துணி இல்லாத நாளிலும் இரண்டு துண்டுகளைப் போட்டு மெஷினை ஓடவிட்டேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மீன் வாங்கினால் தலையைத் தனியாக வேகவைத்து, முள்ளெடுத்து, சோற்றில் பிசைந்து வைக்கத் தொடங்கியதும் அவர்தான். காசிமேட்டில் பல வருடம் இறால் உரித்த விரல்கள். ஒரு முள் தப்பாது.

கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டேன். காலையும் மாலையும் கரையோரம் நடத்திக் கூட்டிப்போனேன். நாயைப் பற்றிக் கேட்டு ஆரம்பித்து, மனிதர்கள் என்னிடம் பேசத் தொடங்கினார்கள். அவன் என்ன தின்கிறான், ஏன் ஒரு காது மட்டும் மடங்கியிருக்கிறது என்பார்கள். என் ஊரைக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

ஒரு மாதம் முடிந்தது. டிரைவர் வரவில்லை. முதலில் அவருக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டேன். இரண்டாம் மாதம் அந்தக் கவலை மாறி, வந்துவிடுவாரோ என்று பயமாயிற்று. ஆடிக் மாலை நேரத்தில் ஜன்னல் கட்டையில் முன்கால்களை வைத்து, லாரி வரிசையையே பார்த்துக்கொண்டு நிற்பான். எனக்குத் துணையாக நிற்கிறான் என்றுதான் ரொம்ப நாள் எண்ணியிருந்தேன். அவன் ஒவ்வொரு முன் கண்ணாடியாகப் பார்க்கிறான் என்று ஒரு நாள் புரிந்தது. அன்றைக்கே ஜன்னலுக்குத் திரை வாங்கி மாட்டினேன். புழுதி வருகிறது என்று கணவரிடம் சொன்னேன். கரையோர நடையை விட்டு, உள் தெருக்கள் வழியாகக் கோயில் குளம் வரை போய்வரத் தொடங்கினேன். பக்கத்தில் லாரி ஹார்ன் கேட்டால் அவனைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

அவன் வந்து ஏழு மாதம் ஆயிற்று.

மாமியாரோடு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவேன். நான் அந்த மதமில்லை. பின் பெஞ்சில் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். பூசையில் பாதிரியார் கையால் நன்மை அப்பம் வாங்க அவர் ஒரு வாரமும் தவறியதில்லை. ஆனால் திடீரென்று ஒரு ஞாயிறு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். முதலில் முழங்கால் வலி என்றார். பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த லாரிக்காரு வந்தாரும்மா. நீ நாய இட்டுனு வெளிய போயிருந்த. செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன். அந்தப் பாவத்தோட எப்படி நன்மை வாங்கறது?"

 ஆடிக் அவருடைய காலடியில்தான் படுத்திருந்தான்.

"அது போயிடுச்சுன்னா நீயும் இங்க நிக்கமாட்ட," என்றார். "நீ கெளம்புனா எம்புள்ளயும் உன் பின்னாடியே போயிடுவான். நான் யாரோட கீறது?"

அந்த மனிதர் என்ன செய்தார் என்று கேட்டேன்.  மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம்.

அன்று முழுவதும் நான் மாமியாரிடம் பேசவில்லை. கோபம்தான். ஆனால் திரை மாட்டியது யார்? தெருவை மாற்றியது யார்? அவர் வாயால் சொன்னதை நான் பல மாதமாகக் கையால் செய்துகொண்டிருந்தேன். இதைக் கணவரிடம் சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, அந்த டிரைவரைத் தேடித்தான் ஆகணும் என்றார்.

மறுநாள் காலையிலிருந்து ஆடிக்கைக் கூட்டிக்கொண்டு லாரி வரிசை நெடுக நடந்தேன். ஒவ்வொரு கேபினாக அண்ணாந்து நின்று, நரைத்த மீசையையும் தழும்பையும் சொல்லிக் கேட்டேன். வெயில் ஏறும் வரை நடப்பேன். சிலர் தெரியாது என்பார்கள். சிலர் எதற்கு என்று சந்தேகப்படுவார்கள். ஆடிக்குக் கால் வலிக்கவேயில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினான். ஆறாம் நாள், டயர் மாற்றிக்கொண்டிருந்த ஒருவர் நாயைப் பார்த்ததும் நிமிர்ந்து, இது அவர் வண்டியில் திரிந்த நாயாயிற்றே என்றார். அந்த மனிதர் இப்போது லாரி ஓட்டுவதில்லை. குஜராத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு கண் மங்கிவிட்டது. ஆபரேஷன் ஆகி, அத்திப்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். ரயில் நிலையத்திலிருந்து எப்படிப் போவது என்று சொன்னார்.

நான் தனியாகப் போவதாக இருந்தேன். காலையில் பார்த்தால் மாமியார் ஞாயிற்றுக்கிழமைப் புடவையில் தயாராக நின்றார். பொய் சொன்னது நான், நான்தான் வரணும் என்றார். ஆடிக்கைத் துணிப் பையில் தலை மட்டும் தெரிய உட்காரவைத்து ரயிலேறினோம். ரயில் ஆட ஆட அவன் தூங்கிவிட்டான். எண்ணூர் தாண்டியதும் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. மாமியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

மகள் வீட்டு வாசலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். நான் பையைக் கீழே வைத்தேன். ஆடிக் வெளியே குதித்தவன் ஓடவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றான். அவர் எங்கள் பக்கம் திரும்பி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது அவர்கள் இருவருக்குமான பெயர், இங்கே வேண்டாம். அதைக் கேட்டதும் அவன் கத்திக்கொண்டே பாய்ந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்துவிட்டது. அவர் மண்ணிலேயே உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டார். ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட என்னிடம் அவன் அப்படிக் கத்தியதில்லை.

மாமியார் நின்றபடியே சொன்னார். "அன்னைக்கு நான் சொன்னது பொய்யிங்க. என் மருமவளுக்குத் தெரியாது."

 டிரைவர் நாயின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அதுலேர்ந்து எனக்குச் சோறே எறங்கலமா. வேற ஒண்ணும் இல்ல."

மாமியார் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். மகள் உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். டிரைவர் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்ன தின்கிறான், ஊசி போட்டீர்களா, வெடிச் சத்தத்துக்கு இன்னும் பயப்படுகிறானா என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மெஷின் கதையைச் சொன்னபோது சிரித்தார். என்ஜின் மேல் படுத்தே பழக்கம் என்றார்.

கிளம்பும் நேரம் வந்ததும், "வுட்டுட்டுப் போறியாமா?" என்று கேட்டார். கொடு என்று அவர் சொல்லவில்லை, கேட்டார். உங்கள் நாய்தான் அண்ணே என்றேன். ஊசி அட்டையை மகளிடம் கொடுத்தேன். ஆடிக் வேலி வரை என் கூடவே வந்தான். அங்கே நின்று, திரும்பிப் போய் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

ரயிலில் காலிப் பையை மாமியார் மடியில் வைத்திருந்தார். பையில் அவன் முடி ஒட்டியிருந்தது.

மாமியார் பயந்தது சரிதான். அடுத்த வாரமே கிள்ளானுக்கு டிக்கெட் போட்டேன். அம்மா வீட்டில் ஆறு வாரம் இருந்தேன். பழைய தோழிகளோடு பசியாறினேன், பழைய அலுவலகத்தில் போய்த் தேநீர் குடித்தேன். அங்கேயும் என்னால் உட்கார முடியவில்லை. அறைக்கு அறை நடந்தேன். அம்மா, உனக்கு என்னதான்லா வேண்டும் என்று கேட்டார்.  ஆறாவது வாரம் திரும்பினேன். மாமியார் விமான நிலையத்துக்கே வந்திருந்தார். நான் வெயிலில் கறுத்துவிட்டதாகச் சொன்னார்.

நீண்ட கால அட்டை போன வருடம் கிடைத்தது. மணலி புதுநகரில் ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அத்திப்பட்டுக்குப் போவேன். ஆடிக் வாலாட்டுவான், என் கையை மோந்து பார்ப்பான், கொஞ்ச நேரம் என் செருப்பின் மேல் தலை வைத்துப் படுப்பான். டிரைவர் எழுந்தால் அவனும் எழுந்துவிடுவான். முதலில் அது குத்தியது. இப்போது அவ்வளவாக இல்லை.

மாதா கோயிலுக்குப் பின் தெருவில் ஒரு வீட்டில் சின்ன சாதி நாய் ஒன்று குட்டி போட்டிருக்கிறதாம். மாமியார்தான் கேட்டுக்கொண்டு வந்தார். பார்க்கலாம் அத்தை என்றேன். போன வாரம் மறுபடியும் சொன்னார். பார்க்கலாம் என்றுதான் மறுபடியும் சொன்னேன். ஆனால் எத்தனை குட்டி, கண் திறந்துவிட்டதா என்று கேட்டுவிட்டேன்.