சீக்கிரம் வந்துவிட்ட ஜீப்

என் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன வருஷம்தான் அந்தச் சொகுசு வண்டியை வாங்கினோம். வாங்கச் சொன்னது என் மனைவி. எங்கள் ஊர் உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். கல்குவாரி லாரிகள் ஓடி ஓடி அந்த ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கும். நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு திரும்புகிற ஆளுக்கு உடம்பில் தெம்பே இருக்காது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கினால் வாந்தி எடுத்துவிடுவார்.

"மாமா படுத்துக்கினு வர்ற மாதிரி வண்டியா பாருங்க" என்றாள் மனைவி. பார்த்தேன். பெரிய வண்டி. பின்சீட்டு மெத்தை மாதிரி சாயும். ஏசி பின்னாலும் வரும். கியர் போடுகிற வேலை கிடையாது. நாலு சக்கரமும் இழுக்கிற வசதியும் இருந்தது. விற்றவன் அதைக் கடைசியில்தான் சொன்னான், தட்டில் ஊறுகாய் வைக்கிற மாதிரி.

முதல் வருஷம் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் உத்திரமேரூரிலிருந்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏரி நிரம்பி, கலங்கலில் வழிந்த தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடியது. நிறுத்திவிட்டேன். முன் பம்பர் தாழ்வாக இருக்கும், உள்ளே எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ், தண்ணீர் புகுந்தால் போச்சு. எனக்குப் பின்னால் ஒரு ஜீப் வந்தது. பழைய ஜீப் இல்லை. இப்போது புதிதாக வருகிறதே, கட்டையாக, பெட்டி மாதிரி, வெளியே தெரிகிற ஸ்குருக்களோடு, அது. ஓட்டினவனுக்கு என் வயசுதான் இருக்கும். என்னைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கி என் வண்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். சிரித்தான். தண்ணீருக்குள் இறங்கி, அவசரமில்லாமல் அந்தப் பக்கம் ஏறிப் போய்விட்டான். நான் ரிவர்ஸ் எடுத்து ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குப் பிடித்தது ஜீப் பைத்தியம். அப்பா உள்ளே மெஷினில் கிடக்கிற நாலு மணி நேரமும் நான் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, ஜீப் சேற்றில் ஏறுவதையும் பாறையில் இறங்குவதையும் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷோரூமுக்குப் போய் ஒரு தடவை ஓட்டியும் பார்த்தேன். சீட்டு பலகை மாதிரி இருந்தது. சின்னக் கல்லில் ஏறினாலும் முதுகெலும்பில் தெரிந்தது. இரண்டே கதவு; பின்னால் உட்கார வேண்டுமானால் முன்சீட்டை மடக்கிவிட்டு நுழைய வேண்டும். எனக்கு அதெல்லாம் ரொம்பப் பிடித்தது. இந்த வண்டியில் நோயாளியை ஏற்ற முடியாது என்பது ஓட்டின முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் டெக்னீஷியனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், இந்த மாதிரிப் பேஷன்ட் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று. அவர் என் தோளில் கை வைத்தார். "பயப்படாதீங்க சார். நல்லா பாத்துக்கினா பத்து வருஷம்கூட ஓட்டலாம்" என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டார், பாவம். பத்து வருஷத்துக்கு ஜீப் கிடையாது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் அப்பா பத்து வருஷம் தாங்குகிற ஆளாகத் தெரியவில்லை. தோள் எலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. ஆடி மாசத்தில், யாருக்கும் சொல்லாமல், ஜீப்பை புக் பண்ணினேன்.

"வெயிட்டிங் ஒரு வருஷம் ஆகும் சார், பரவாயில்லையா?" என்று கேட்டான் ஷோரூம்காரன்.

"பரவாயில்ல. எனக்கும் அவசரம் இல்ல" என்றேன்.

ஒரு வருஷத்தில் அப்பா போய்விடுவார் என்று நினைத்தேன். துக்கத்தோடு நினைத்ததாக இங்கே எழுதினால் பொய்.

கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு, ஐசியூவில் சேர்த்தோம். என் மனைவி கதவோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் போனில் கலர் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையா, சிவப்பா என்று முடிவுக்கு வர முடியவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் வெளியே வந்து, "தப்பிச்சிட்டார்" என்றார். முகத்தைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை மனைவி பார்த்துவிட்டாள்.

தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். போன் அடித்தது. அந்த வண்டியில் போன் வந்தால் வண்டி ஸ்பீக்கரிலேயே பேசும். பழக்கத்தில் ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அமுக்கிவிட்டேன்.

"சார், குட் நியூஸ். ஒருத்தர் கேன்சல் பண்ணிட்டார். உங்க ஜீப் முன்னாடியே வந்துடுச்சு. இப்ப ஓட்றீங்களே, அந்த வண்டிய எக்ஸ்சேஞ்சுக்கு எப்ப கொண்டாறீங்க?"

வண்டியின் எல்லா மூலையிலிருந்தும் அந்தக் குரல் கேட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன்; அப்பாவின் கண் மூடியே இருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"எப்போ புக் பண்ணே?" என்றார் அப்பா.

"ஆடில, நைனா."

"எத்தினி நாளு ஆவும்னான்?"

"ஒரு வருஷம்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "ஒரு வருஷம். சர்தான். அவன் முன்னாடியே குட்த்துட்டான். நான்தான் லேட்டு."

"அப்பிடி இல்ல நைனா..."

"இன்னா அப்பிடி இல்ல? உழவுக்கு ஆவாத மாட்ட நான் ஒரு நாளு வெச்சிக்கினு தீனி போட்டிருப்பனா? எப்ப தள்ளிவுடலாம்னுதான் பாப்பேன். நீ என் புள்ளதான்டா. வேற எவன் புள்ளயோன்னு இத்தினி நாளு நென்ச்சிக்கினு இருந்தேன்."

சிரித்தார். சிரித்தது இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "போயி எடு" என்றார். "நான் இன்னா, அதுல ஏற மாட்டனா?"

அது அனுமதி இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் என்னைச் சோதித்துப் பார்த்தார். வேண்டாம் நைனா, கேன்சல் பண்ணிடறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த புதன்கிழமை போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பச்சைக் கலர். பழைய வண்டியை அங்கேயே விட்டுவிட்டேன். மனைவி கூட வரவில்லை.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து பானெட்டை விரலால் தட்டினார். "இரும்பு நல்லா கீது" என்றார்.

வெள்ளிக்கிழமை முதல் தடவையாக அவரை அதில் ஏற்றினேன். படி அவர் முழங்காலுக்கு மேல் இருந்தது. பிளாஸ்டிக் முக்காலி போட்டு, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். எடையே இல்லை. முன்சீட்டில், டேஷ்போர்டில் இருக்கிற கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தெருவே பார்த்தது. குவாரி ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் தலை ஆடியது. மெதுவாகப் போனேன்.

"இன்னாடா ஊர்ந்துக்கினு போற? இதுக்கா இத வாங்கனே? வுடுறா" என்றார்.

விட்டேன். கோபத்தில்தான் விட்டேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பாலிதீன் கவரில் வாந்தி எடுத்து, முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் இறங்கினதும் மருமகளிடம், "ஜம்முனு கீதும்மா" என்றார்.

அப்படியே மாசி, பங்குனி, சித்திரை. ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கேட்கக்கூடாது என்பதில் நானும். டெக்னீஷியன் மட்டும் ஒரு நாள், "அப்பாவுக்கு இடுப்புல எல்லாம் கன்னிப்போயிருக்கு, எங்கனா வுழுந்தாரா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வீடு வர இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. எதிரே வந்த டிப்பர் லாரிக்கு ஒதுங்கப் போய் ரோட்டோரப் பள்ளத்தில் இறக்கி ஏற்றினேன். அப்பா கதவில் போய் மோதினார். கையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்த டேப் பிய்ந்துவிட்டது. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்த கையில் ரத்தம் ஓடுகிற வேகம் வேறு மாதிரி இருக்கும். கசியாது, பீய்ச்சும். வேட்டியில், கியரில், சீட்டில் எல்லாம் அடித்தது.

நான் சீட்டைப் பார்த்தேன். அப்பாவின் கையைப் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைப் பார்த்தேன். அரை நொடி இருக்கும்.

அவர் மற்றக் கையால் அந்த இடத்தை அமுக்கிக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெக்சின்தானடா. தொட்ச்சா பூடும்" என்றார்.

வண்டியை நிறுத்தி, என் துண்டைச் சுருட்டி அமுக்கிப் பிடித்தேன். ரத்தம் நிற்கிற வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தோம். பெரியவன் ஆன பிறகு நான் அவர் கையை அவ்வளவு நேரம் பிடித்தது அன்றைக்குத்தான்.

அன்றைக்கே மனைவி உத்திரமேரூரில் ஒரு வாடகைக் கார் பேசினாள். வெள்ளிக்கிழமை காலையில் கார் வாசலில் வந்து நின்றது. அப்பா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"வோணாம்மா. என் புள்ள வண்டி கீது."

"மாமா, சொன்னா கேளுங்க. அதுல போவாதீங்க. செத்துடுவீங்க."

"அதுக்குத்தானம்மா அவன் வாங்கிக்கீறான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் முக்காலியை எடுத்துக்கொண்டு போய் ஜீப் பக்கத்தில் போட்டேன். வாடகைக் கார் காலியாகத் திரும்பிப் போயிற்று.

ஆவணி வரைக்கும் அதில்தான் வந்தார். கடைசி இரண்டு வாரம் முக்காலியில்கூடக் கால் வைக்க முடியாமல், ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். அப்படிக் கொண்டுபோன ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணிக்கு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். நான் வராந்தாவில் இருந்தேன். டெக்னீஷியன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி ஒரு நாள்கூட தவறாம இட்டுக்கினு வந்தவங்கள நான் பாத்ததில்ல சார்" என்றார். தலையை ஆட்டினேன்.

காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு மனைவி ஜீப்புக்குள் ஒரு வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போய்ச் சீட்டைத் தேய்த்தாள். தையல் இடுக்கில் இருந்த கறுப்பு போகவே இல்லை. பிரஷ்ஷைப் போட்டுவிட்டு வந்தாள்.

"வித்துடலாமா?" என்று கேட்டேன். விற்கிற எண்ணம் எனக்கு இல்லை. கேட்க வேண்டும் என்று கேட்டேன்.

"உங்களுக்குப் புடிச்சிருக்குதில்ல, வெச்சிக்கங்க" என்றாள். "நான் அதுல ஏற மாட்டேன். எனக்கு ஒண்ணுன்னா பஸ்ல இட்டுக்கினு போங்க."

சொன்னபடியே இருக்கிறாள். சாலவாக்கம் சந்தைக்கோ, காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கோ போனால் டவுன் பஸ்ஸில் போகிறாள். நான் ஜீப்பில் போகிறேன். கல்யாண மண்டப வாசலில் எங்களைத் தனித்தனியாக வரவேற்கிறார்கள்.

அந்த வண்டி எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. குவாரி ரோட்டில் போகும்போது அது அடிக்கிற அடி முதுகில் ஏறும். காலை நேரத்தில், ரோடு காலியாக இருந்தால், வேகமாகத்தான் போகிறேன்.