மக்ரீதாவின் கைராசி

பக்கத்து வீட்டு மக்ரீதா மாதிரி ஒரு சுத்தக்காரியை தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஆர்னிஸ்டன் மீனவர் தெரு கண்டதில்லை. வாசற்படியைத் தேய்த்துத் தேய்த்தே பாதியாக்கியவள். அவளுக்கு ஜென்ம விரோதி மால்வா. எங்கள் கடற்கரை மணலில் யாரும் நடாமலே படரும் செடி அது. மெல்லிய ரோமம் மூடிய சுருக்க இலை, உரசினால் ரோஜா வாசம், தண்டு நுனியில் கொத்தாக இளஞ்சிவப்புப் பூ. மேலிரண்டு இதழில் மட்டும் மையால் இழுத்த மாதிரி கோடுகள்.

அவள் மகன் ரூபனுக்குக் கேப் டவுனில் பெண் பேசியிருந்தார்கள். மழைக்காலம் கழிந்து சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருவதாகச் சொன்னார்கள். மக்ரீதாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“இந்தக் காட்டுச்செடியப் பாத்தா நம்மளையும் காட்டான்னு நெனச்சு பொண்ணு தர யோசிப்பாங்க. எல்லாத்தையும் புடுங்கிட்டுப் புல்தரை போடப்போறேன்.”

“அடி பைத்தியக்காரி, மணலப் புடிச்சு வெச்சிருக்கறதே அதுதான்டி!” என்றேன்.

“உனக்குப் பொறாம, லீனா.”

பொறாமையாம்! பிடுங்கியதெல்லாம் வேலி தாண்டி என் கொல்லையில் வந்து விழுந்தது. கத்தினேன், இன்னும் வேகமாக எறிந்தாள். மால்வாவுக்கு ஏது மான ரோஷம்? ஒடிந்த தண்டு விழுந்த இடத்திலேயே வேர் விட்டது. வால் முறுக்கிய விதைகள் மழை பட்டதும் திருகாணி போல மணலுக்குள் இறங்கின.

விருந்துக்கு முந்தின நாள் தென்கிழக்குக் காற்று பேயாக அடித்தது. மக்ரீதாவின் புல்தரை பாயாகச் சுருண்டது. மணல் குவிந்து அவள் வாசற்கதவு திறக்கவே இல்லை. மால்வா பிடித்து வைத்த என் கொல்லை மணல் மட்டும் அசையவில்லை. மக்ரீதா உட்கார்ந்து அழுதாள். எனக்கே மனசு கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் மறுநாள் சம்பந்திகளை என் கொல்லை வழியாகத்தான் தன் பின்கதவுக்கு அழைத்து வந்தாள். முழங்கால் உயரத்துக்கு ஒரே பூ. பாவாடை உரசி வாசம் எழ, சம்பந்தியம்மா நின்றுவிட்டார்.

“அடேயப்பா, என்ன தோட்டம்! யாரு வெச்சது?”

மக்ரீதா என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆறு மாதச் சண்டையும் என் நாக்கு நுனியில் நின்றது.

“எல்லாம் உங்க சம்பந்தி கைதாங்க,” என்றேன். “கைராசிக்காரி. தூக்கி எறிஞ்சாலே முளைக்கும்.”

“எனக்கும் ரெண்டு தண்டு தருவீங்களா, சம்பந்தி?”

“அதுக்கென்ன, தாராளமா!” என்று மக்ரீதா, சொந்தத் தோட்டம் போலவே, என் செடியை ஒடித்துக் கொடுத்தாள். கல்யாணத் தேதியும் அன்றே முடிவானது.

மறுநாள் வேலியோரம் வந்து நின்றாள். கண் தரையைப் பார்த்தது.

“லீனா, எனக்கும் கொஞ்சம் மால்வா குடேன்டி.”

“குடுக்கறேன். கையில தரட்டுமா, இல்ல தூக்கி எறியட்டுமா?”